நுரையீரல் புற்றுநோய்க்கு மரபணுச் சோதனை: தனித்தனியாகவா, என்.ஜி.எஸ்.ஸா, ரத்தத்திலா?

நான்காம் நிலை, அதாவது மற்ற இடங்களுக்குப் பரவிய, நுரையீரல் அடினோகார்சினோமா (நுரையீரல் புற்றுநோயில் ஒரு வகை) என்று பயாப்சி அறிக்கை வந்த அன்றே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மரபணுச் சோதனைக்கு எதை அனுப்புகிறீர்கள், எந்தச் சோதனைக்கு அனுப்புகிறீர்கள்? சிகிச்சையின் முதல் ஓராண்டு எப்படிப் போகும் என்பது பெருமளவு இதற்கான பதிலில்தான் இருக்கிறது. ஆனால் ஸ்கேன், கீமோ தேதி, இன்சூரன்ஸ் அனுமதி என்ற அலைச்சலில் இந்தப் பேச்சே இரண்டாம் வாரத்துக்குத் தள்ளிப்போய்விடுகிறது. அதற்குள் பயாப்சியில் கிடைத்த கொஞ்சநஞ்சத் திசுவும் வேறு சோதனைகளில் தீர்ந்திருக்கும்.

இந்தியாவில் இந்த வகைப் புற்றுநோய் வருபவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இ.ஜி.எஃப்.ஆர். மரபணுவில் மாற்றம் இருக்கிறது. புகைபிடிக்காத பெண்களிடம் இது இன்னும் அதிகம். ஏ.எல்.கே. இணைவு (அந்த மரபணு முறிந்து இன்னொன்றோடு ஒட்டிக்கொள்வது) சுமார் 5 சதவீதம் பேருக்கு. ராஸ்-1, ரெட், பி-ராஃப் வி600இ, மெட் எக்ஸான் 14 (எக்ஸான் என்பது மரபணுவின் ஒரு பகுதி), ஹெர்-2, என்.டி.ஆர்.கே. போன்ற பிற மரபணு மாற்றங்கள் ஒவ்வொன்றும் சில சதவீதமோ அதற்கும் குறைவோதான். ஆனால் எல்லாவற்றையும் கூட்டினால் சிறிய எண்ணிக்கை இல்லை. இவை ஒவ்வொன்றுக்கும் இலக்கு மருந்து வந்துவிட்டது, பெரும்பாலும் மாத்திரையாகவே. அவற்றின் பலனும் சாதாரணமானதல்ல. ஏ.எல்.கே. இணைவு உள்ளவர்களிடம் நடந்த அலெக்ஸ் ஆய்வில், நோய் மறுபடி வளராமல் இருந்த இடைநிலைக் காலம் அலெக்டினிப் சாப்பிட்டவர்களுக்கு 34.8 மாதம், பழைய கிரிசோட்டினிப் சாப்பிட்டவர்களுக்கு 10.9 மாதம். இ.ஜி.எஃப்.ஆர். மாற்றம் உள்ளவர்களிடம் நடந்த ஃபிளாரா ஆய்வில் ஆஸிமெர்டினிப்புக்கு 18.9 மாதம், அதற்கு முந்தைய தலைமுறை மாத்திரைகளுக்கு 10.2 மாதம்.

இந்த மாற்றங்களைத் தேட இன்று மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, ஒவ்வொரு மரபணுவையும் தனித்தனியாகப் பார்ப்பது: இ.ஜி.எஃப்.ஆருக்கு, குறிப்பிட்ட டி.என்.ஏ. பகுதியைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர்.; ஏ.எல்.கே., ராஸ்-1 இரண்டுக்கும் ஐ.எச்.சி. சாயச் சோதனை அல்லது மரபணுவை ஒளிரும் குறிகளால் செல்லுக்குள்ளேயே பார்க்கும் ஃபிஷ். இரண்டாவது, பயாப்சித் திசுவிலிருந்து டி.என்.ஏ.வையும் ஆர்.என்.ஏ.வையும் பிரித்து, பல மரபணுக்களை ஒரே வீச்சில் படிக்கும் என்.ஜி.எஸ். தொகுப்பு. மூன்றாவது, கை நரம்பில் எடுத்த ரத்தத்தின் பிளாஸ்மாவில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ. துணுக்குகளைத் தேடும் லிக்விட் பயாப்சி. எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் திசு என்.ஜி.எஸ். என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கையில் எவ்வளவு திசு இருக்கிறது, நோயாளி எத்தனை நாள் தாங்குவார், கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்ற மூன்றையும் வைத்துப் பார்த்தால் அந்தப் பதில் பல குடும்பங்களுக்கு மாறிவிடும்.

திசு எப்படி வீணாகிறது

சோதனையைத் தேர்ந்தெடுக்கும் முன் திசுவைப் பற்றிப் பேசியாக வேண்டும். இரண்டு, மூன்று வாரம் காத்திருந்து "மாதிரி போதவில்லை" என்ற ஒற்றை வரி அறிக்கை வருவதுதான் இந்தத் துறையின் பெரிய துயரம். அதில் பெரும்பகுதி தவிர்க்கக்கூடியது.

சி.டி. உதவியோடு ஊசி போட்டு எடுக்கும் திசுத் துண்டு குண்டூசித் தடிமன்தான் இருக்கும். அப்படி ஒன்றிரண்டு துண்டுகள் நோயைப் பெயரிடப் போதும். மரபணுச் சோதனைக்குப் போதாது. பாதுகாப்பாக எடுக்க முடிகிற இடமென்றால் நான்கைந்து துண்டுகள் வேண்டும் என்று ஊசி போடும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவற்றை ஒரே மெழுகு பிளாக்கில் புதைக்காமல் இரண்டு பிளாக்குகளாகப் பிரித்து வைப்பது எளிய, செலவில்லாத முன்னெச்சரிக்கை. ஒன்று நோயறிய, மற்றொன்று தொடாமல் மரபணுச் சோதனைக்கு.

எடுத்த திசு ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் விழ வேண்டும். அதுவும் 10 சதவீத நடுநிலை பஃபர் ஃபார்மலினாக இருக்க வேண்டும். திசுவின் பருமனைப் போலப் பத்து மடங்கு அளவாவது வேண்டும். வெறும் தண்ணீர் கலந்த ஃபார்மலின் நாளாக ஆக ஃபார்மிக் அமிலமாகி டி.என்.ஏ.வை நொறுக்கும். நல்ல ஃபார்மலினிலும் நேரக் கணக்கு உண்டு. 6 மணி நேரத்துக்குக் குறைந்தால் திசு சரியாகப் பதப்படாது. 48 மணி நேரத்தைத் தாண்டத் தாண்ட டி.என்.ஏ. துண்டு துண்டாகும், அதில் சி என்ற எழுத்து டி என்று படிக்கப்படும் பொய்யான மாற்றங்களும் பெருகும். சனிக்கிழமை மாலை எடுத்த பயாப்சி, திங்கள் அரசு விடுமுறை என்றால் செவ்வாய் வரை டப்பாவிலேயே கிடக்கும். முடிந்தால் வாரத்தின் முதல் பாதியில் பயாப்சி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது இதனால்தான்.

எலும்பிலிருந்து எடுத்த பயாப்சிக்குத் தனி ஆபத்து இருக்கிறது. எலும்பை மென்மையாக்க ஆய்வகங்கள் வழக்கமாக அமிலத்தில் ஊறவைக்கும். அந்த அமிலம் டி.என்.ஏ.வை ஏறக்குறைய முழுதாக அழித்துவிடும். இ.டி.டி.ஏ. கரைசலில் ஊறவைத்தால் நாள் கூடும், ஆனால் டி.என்.ஏ. பிழைக்கும். நோய் எலும்பிலும் கல்லீரலிலும் இருந்தால், மரபணுச் சோதனைக்காகக் கல்லீரலிலிருந்து எடுக்க முடியுமா என்று கேட்பது நல்லது.

அடுத்த விரயம் ஆய்வக மேசையில் நடக்கிறது. நோய் அடினோகார்சினோமாவா, ஸ்குவாமஸ் என்ற மற்றொரு வகையா என்று பிரிக்க டி.டி.எஃப்-1, பி40 என்ற இரண்டு சாயங்கள் பெரும்பாலும் போதும். அதற்குப் பதில் ஏழெட்டுச் சாயங்கள் போட்டால் பிளாக் தேய்ந்துவிடும். பிளாக்கை ஒவ்வொரு முறை வெட்டுக் கருவியில் மாட்டும்போதும் அதன் முகத்தைச் சமப்படுத்தவே சில அடுக்குகள் சீவப்பட்டுப் போகும். ஆகவே முதல் முறை மாட்டும்போதே 4–5 மைக்ரான் தடிமனில் சாயமிடாத ஸ்லைடுகள் பத்து கூடுதலாக வெட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு எந்தச் சோதனைக்குப் போனாலும் அவை கைகொடுக்கும்.

நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருந்தால் அதுவே நல்ல மாதிரி. ஒரு லிட்டர் நீரை எடுத்துக் கொட்டிவிட்டு 10 மி.லி. மட்டும் பரிசோதனைக்கு அனுப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது. 50 மி.லி.க்குக் குறையாமல், முடிந்தால் இன்னும் அதிகமாக அனுப்பினால் அதைச் சுழற்றி, அடியில் சேரும் செல்களைத் திசு பிளாக் போலவே ஆக்க முடியும். மேலே நிற்கும் தெளிந்த நீரிலும் கட்டியின் டி.என்.ஏ. இருக்கும். மூச்சுத் திணறலுக்காக எடுத்த நீரே சோதனைக்கும் உதவும். இன்னொரு ஊசி தேவைப்படாமல் போகலாம்.

தனிச்சோதனைகள்: வேகம் உண்டு, எல்லையும் உண்டு

இ.ஜி.எஃப்.ஆர். பி.சி.ஆர். முடிவு சில வேலைநாட்களில் கிடைக்கும். ஏ.எல்.கே. சாயச் சோதனை ஓரிரு நாளில். டி5எஃப்3 என்ற ஆன்டிபாடியில் செய்த ஏ.எல்.கே. சோதனை தெளிவாக நேர்மறை என்றால் வேறு உறுதிப்பாடு இல்லாமலே மாத்திரை தொடங்கலாம். ராஸ்-1 சாயச் சோதனை அப்படியில்லை. அது வடிகட்ட மட்டுமே. நேர்மறையாக வந்தால் ஃபிஷ் அல்லது என்.ஜி.எஸ். மூலம் உறுதிசெய்தாக வேண்டும். ஃபிஷ் சோதனையில் குறைந்தது 50 புற்றுச் செல்களை எண்ண வேண்டும், ஏ.எல்.கே.யில் 15 சதவீதத்துக்கு மேல் பிரிந்த சமிக்ஞை இருந்தால் நேர்மறை. சின்னத் திசுவில் அந்த 50 செல்கள் கிடைப்பதே சில வேளை சிரமம்.

இந்த வழியின் பலவீனம், கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும் என்பது. பி.சி.ஆர். கிட் தனக்குள் எழுதியிருக்கும் மாற்றங்களை மட்டுமே தேடும். எக்ஸான் 19 நீக்கமும் எல்858ஆர் மாற்றமும் இ.ஜி.எஃப்.ஆர். மாற்றங்களில் 85 முதல் 90 சதவீதம் என்பதால் அவை தப்புவதில்லை. ஆனால் எக்ஸான் 20 செருகல்கள் பல வடிவங்களில் வரும், கணிசமானவை பி.சி.ஆரின் கண்ணில் படாது. அந்த நோயாளிக்கு "இ.ஜி.எஃப்.ஆர். எதிர்மறை" என்று அறிக்கை வந்துவிடும்.

இன்னொரு பலவீனம் வரிசையில் இருக்கிறது. இ.ஜி.எஃப்.ஆர். பார்த்து, இல்லையென்றால் ஏ.எல்.கே., அதுவும் இல்லையென்றால் ராஸ்-1 என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் ஒவ்வொரு படியிலும் திசு கரையும், நாள் கரையும். ரெட், மெட் வரை வரும்போது பிளாக்கில் எதுவும் மிச்சமிருக்காது. தனிச்சோதனைதான் கட்டுப்படியாகும் என்றால் மூன்றையும் ஒரே நாளில் அனுப்புங்கள், வரிசையாக அனுப்பாதீர்கள். கூடவே அந்தப் பத்து ஸ்லைடுகளைத் தனியாக எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

அறுவை சிகிச்சை செய்யப்பட்ட தொடக்க நிலை நோயாளிகளுக்கு இந்த எளிய வழியே பெரும்பாலும் போதும். அங்கே அறுவைக்குப் பின் தரப்படும் மாத்திரையை முடிவு செய்பவை இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. இரண்டும்தான். திசுவும் தாராளமாகக் கிடைக்கும்.

திசு என்.ஜி.எஸ்.: அகலமான வலை

ஒரே மாதிரியில் பத்து முதல் பல நூறு மரபணுக்கள் வரை படிக்கிறார்கள். தொகுப்பு பெரிதாக இருக்கிறதே என்று விலை கொடுக்க வேண்டாம். நுரையீரல் புற்றுநோய்க்கு மேலே சொன்ன எட்டு மரபணுக்களும், கே-ராஸும் கட்டாயம். கே-ராஸில் ஜி12சி மாற்றத்துக்கு 2021-ல் அமெரிக்காவில் சோட்டோராசிப் மாத்திரை அனுமதி பெற்றது. டி.பி.53, ஆர்.பி.1, எஸ்.டி.கே.11, கீப்-1 ஆகியவை நோயின் போக்கைப் பற்றிச் சொல்லும். இதற்குமேல் உள்ள முந்நூறு, ஐந்நூறு மரபணுக்களின் முடிவுகளில் பெரும்பாலானவை இன்றைய சிகிச்சையை மாற்றாது. ஆய்வகத்தில் கேட்க வேண்டிய உண்மையான கேள்வி வேறு: ஆர்.என்.ஏ.வும் படிக்கிறீர்களா?

காரணம் இது. ஏ.எல்.கே., ராஸ்-1, ரெட், என்.டி.ஆர்.கே. ஆகியவற்றில் நடப்பது எழுத்துப் பிழை இல்லை. இரண்டு மரபணுக்கள் முறிந்து ஒட்டிக்கொள்கின்றன. அந்த முறிவு பெரும்பாலும் இன்ட்ரான் என்ற நீண்ட இடைப்பகுதியில் நிகழ்கிறது. என்.டி.ஆர்.கே. மரபணுக்களில் சிலவற்றின் இன்ட்ரான்கள் மிக நீளமானவை, திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் நிறைந்தவை. டி.என்.ஏ.வில் அவற்றை முழுதாகப் படிப்பது கடினம். செல் அந்த இணைந்த மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும்போது இடைப்பகுதிகளை வெட்டி எறிந்துவிடும். ஒட்டிய இடம் நேரடியாகத் தெரியும். மெட் எக்ஸான் 14 தாவலும் அப்படித்தான் ஆர்.என்.ஏ.வில் தெளிவாகப் பிடிபடும். ஆர்.என்.ஏ. சீக்கிரம் சிதைவது என்பதால் பழைய பிளாக்கில் தோற்றுப்போகும். அறிக்கையில் "ஆர்.என்.ஏ. தரம் போதவில்லை" என்ற சிறு எழுத்து வரி இருந்தால், "இணைவுகள் இல்லை" என்று பெரிய எழுத்தில் எழுதியிருப்பதற்கு அர்த்தமில்லை.

திசுவில் புற்றுச் செல்களின் விகிதம் பெரும்பாலான தொகுப்புகளுக்கு 20 சதவீதமாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் நோய்க்குறியியல் மருத்துவர் ஸ்லைடில் புற்றுப் பகுதியை வட்டமிட்டு, அதை மட்டும் சுரண்டி எடுக்கச் சொல்ல வேண்டும். இந்தச் சின்ன வேலையைச் செய்யாததால் பலவீனமான சமிக்ஞை இரைச்சலில் அமுங்கிப்போகிறது.

குறை, காலம்தான். ஆய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து இரண்டு வாரம், சில வேளை மூன்று வாரம். அதற்கு முன் பிளாக்கைத் தேடி எடுத்துக் கூரியரில் ஏற்றவே ஒரு வாரம் போவதும் உண்டு. சர்வதேச வழிகாட்டுதல் எளிமையானது: வெளி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டிய திசு, கோரிக்கை வந்த 3 வேலைநாளுக்குள் புறப்பட வேண்டும், முடிவு, ஆய்வகம் பெற்றதிலிருந்து 10 வேலைநாளுக்குள் வர வேண்டும். பிளாக் எந்தத் தேதியில் புறப்பட்டது என்று குடும்பத்தில் ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தால் முதல் பாதியாவது சுருங்கும்.

லிக்விட் பயாப்சி: ஒரு கணக்கு

திசு எடுக்கும் ஊசி இல்லை, மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை, ஏழு முதல் பத்து நாளில் முடிவு. அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்.டி.ஏ. 2016 ஜூனில் இ.ஜி.எஃப்.ஆருக்கான முதல் ரத்தச் சோதனையை அனுமதித்தது. 2020 ஆகஸ்டில் பல மரபணுக்களைப் படிக்கும் கார்டன்ட்360, ஃபவுண்டேஷன்ஒன் லிக்விட் இரண்டையும் அனுமதித்தது. முறை முதிர்ந்துவிட்டது. ஆனாலும் இதன் "இல்லை" என்ற பதிலைத் திசுவின் "இல்லை"க்குச் சமமாக எடுத்துக்கொள்வதில்தான் பலர் தவறுகிறார்கள். எண்களைப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும்.

10 மி.லி. குழாய்கள் இரண்டில் ரத்தம் எடுத்தால் சுமார் 8 மி.லி. பிளாஸ்மா தேறும். மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் மிதக்கும் டி.என்.ஏ. இருப்பதாக வைத்துக்கொள்வோம், மொத்தம் 40 நானோகிராம். ஒரு நானோகிராம் மனித டி.என்.ஏ.வில் ஒரு மரபணுவின் பிரதிகள் ஏறத்தாழ 300. ஆக 12,000 பிரதிகள். பிரித்தெடுப்பதிலும் படிக்கத் தயார்செய்வதிலும் பாதிக்கு மேல் இழப்பு. 5,000 மிச்சம் என்போம். இதில் பெரும்பகுதி நோயாளியின் வெள்ளணுக்கள் இறக்கும்போது வெளியிட்டவை. கட்டியின் மாற்றம் 0.1 சதவீதம் என்றால் இயந்திரத்தின் முன் நிற்பவை 5 மூலக்கூறுகள். ஒரே குழாய் எடுத்திருந்தால் இரண்டோ மூன்றோ. அவை பிடிபடுவது கிட்டத்தட்டத் தற்செயல். இரண்டாவது குழாய் ஏன் வேண்டும் என்று நோயாளி கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

கட்டி எவ்வளவு டி.என்.ஏ.வை ரத்தத்தில் விடுகிறது என்பது இடத்தைப் பொறுத்தது. கல்லீரல், எலும்பு எனப் பரவியிருந்தால் அதிகம். மார்புக்குள் மட்டும் இருந்தால் குறைவு. மூளையில் மட்டும் இருந்தால் ரத்த-மூளைத் தடுப்பு காரணமாக மிகக் குறைவு. நான்காம் நிலையில் திசுவில் இருக்கும் மாற்றங்களில் சுமார் 70 முதல் 80 சதவீதத்தை ரத்தம் காட்டும். இணைவுகளில் அதைவிடக் குறைவு. ஆனால் ரத்தத்தில் எக்ஸான் 19 நீக்கம் தெரிந்தால் அதை நம்பி மாத்திரை தொடங்கலாம். இருக்கிறது என்றால் இருக்கிறது. இல்லை என்றால் தெரியவில்லை என்று மட்டுமே பொருள். எதிர்மறை வந்தால் திசுவுக்குத் திரும்பியாக வேண்டும்.

ரத்தம் எடுப்பதிலும் கவனம் வேண்டும். சாதாரண இ.டி.டி.ஏ. குழாயில் எடுத்தால் சில மணி நேரத்துக்குள், பாதுகாப்பாகச் சொன்னால் நான்கு மணி நேரத்துக்குள், பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும். தாமதித்தால் வெள்ளணுக்கள் உடைந்து தங்கள் டி.என்.ஏ.வைக் கொட்டும், கட்டியின் பங்கு இன்னும் நீர்த்துப்போகும். வெளியூருக்கு அனுப்ப ஸ்ட்ரெக் போன்ற செல்களைப் பாதுகாக்கும் குழாய் வேண்டும். எடுத்த உடனே எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. அதை 6 முதல் 37 டிகிரி வெப்பத்தில் 14 நாள் வரை வைக்கலாம். ஐஸ் பையில் வைத்து அனுப்புவது இந்தக் குழாய்க்குக் கெடுதல். மே மாத வெயிலில் கூரியர் வண்டிக்குள் 37 டிகிரி தாண்டிவிடும் என்பதால் வெப்பம் தாக்காத பெட்டி கட்டாயம். கீமோவோ மாத்திரையோ தொடங்கும் முன் எடுக்க வேண்டும் என்பதும் முக்கியம். சிகிச்சை வேலை செய்யத் தொடங்கிய சில நாளில் கட்டியின் டி.என்.ஏ. ரத்தத்திலிருந்து மறைந்துவிடும்.

பொய் நேர்மறைக்கும் ஒரு வாசல் இருக்கிறது. வயதானவர்களின் எலும்பு மஜ்ஜையில் சில ரத்தத் தாய்ச் செல்கள் தாமே மாற்றம் பெற்றுப் பெருகும். டி.என்.எம்.டி.3ஏ, டெட்-2, ஜாக்-2, சில வேளை டி.பி.53, அரிதாக கே-ராஸ் கூட இப்படி ரத்தத்தில் தலைகாட்டும். அதற்கும் நுரையீரலுக்கும் தொடர்பில்லை. வெள்ளணுக்களையும் தனியாகப் படித்து ஒப்பிடும் ஆய்வகம் இந்தக் குழப்பத்தை விலக்கிவிடும். மாற்றத்தின் பங்கு 50 சதவீதத்தை ஒட்டி வந்தால், அது பிறவியிலேயே குடும்பத்தில் வருவதாக இருக்கலாம். அப்போது மரபியல் ஆலோசகரைப் பார்க்க வேண்டும்.

யாருக்கு எது

திசு போதுமான அளவு இருக்கிறது, நோயாளி நடமாடுகிறார், மூன்று வாரம் தாங்குவார், செலவும் முடியும் என்றால் டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. இரண்டும் படிக்கும் திசு என்.ஜி.எஸ். அதே நாளில் ரத்தமும் அனுப்ப வசதி இருந்தால் இன்னும் நல்லது. எது முதலில் வந்தாலும் அதை வைத்துத் தொடங்கலாம்.

மூச்சுத் திணறல், மூளையில் பரவல், படுத்த படுக்கை என்ற நிலையில் வந்தவருக்கு மூன்று வாரம் என்பது இல்லாத வாரங்கள். அங்கே இ.ஜி.எஃப்.ஆர். பி.சி.ஆர்., ஏ.எல்.கே. சாயம் இரண்டையும் அவசரமாகப் பார்த்து, உடன் ரத்தத்தையும் அனுப்புவதுதான் சரி. உடல்நிலை மிகவும் தளர்ந்தவர்களுக்குக் கீமோ தர முடியாது, ஆனால் இ.ஜி.எஃப்.ஆர். அல்லது ஏ.எல்.கே. இருந்தால் மாத்திரை அவர்களையும் எழுப்பி உட்கார வைக்கும். "இந்த நிலையில் சோதனை எதற்கு?" என்று கைவிடப்படுவது பெரும்பாலும் இவர்கள்தான், அது வேதனையானது. உண்மையில் சோதனை அதிகம் தேவைப்படுவது இவர்களுக்கே.

நம் ஊரில் இன்னொரு காரணத்தாலும் நோயாளிகள் தளர்ந்து வருகிறார்கள். எக்ஸ்ரேயில் நிழலைப் பார்த்து, சளியில் கிருமி இல்லாமலே காசநோய் மருந்து தொடங்கி மாதக்கணக்கில் போய்விடுகிறது. அப்படி வந்தவருக்கு இனிமேலும் வரிசையாகச் சோதிக்க நேரமில்லை.

பயாப்சி எடுக்கவே முடியாத இடம், அல்லது எடுத்தது தீர்ந்துவிட்டது, மறுபடி ஊசி போட்டால் நுரையீரல் சுருங்கும் ஆபத்து என்றால் ரத்தத்தை முதலில் அனுப்புங்கள். ரத்தம் எதிர்மறையானால் மட்டும் மறு பயாப்சி.

பணம் இறுக்கம் என்றால் இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே., ராஸ்-1 மூன்றும் ஒரே நாளில். தனிச்சோதனை ஆயிரங்களில் முடியும்; என்.ஜி.எஸ். பத்தாயிரங்களில் போகும். ஆனால் தனிச்சோதனைகளை நான்கு, ஐந்து என்று அடுக்கினால் கூட்டுத்தொகை என்.ஜி.எஸ்.ஸை நெருங்கிவிடும் என்பதால் முதலிலேயே கூட்டிப் பாருங்கள். சில மருந்து நிறுவனங்களின் உதவித் திட்டங்களில் சோதனை கட்டணமில்லாமல் கிடைக்கும்; மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

சோதனை செய்து என்ன, மருந்து வாங்க முடியாதே என்று நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். இ.ஜி.எஃப்.ஆருக்கான முந்தைய தலைமுறை மாத்திரைகளான கெஃபிட்டினிப், எர்லோட்டினிப் இரண்டும் இந்தியாவில் ஜெனரிக்காகக் கிடைக்கின்றன, விலை குறைவு. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் 350 பேரிடம் நடந்த ஆய்வில், கெஃபிட்டினிப்போடு பெமட்ரெக்ஸெட்–கார்போபிளாட்டின் கீமோவையும் சேர்த்தபோது நோய் அடங்கியிருந்த காலம் 8 மாதத்திலிருந்து 16 மாதமாக உயர்ந்தது. பக்கவிளைவு கூடுதலே, கடுமையானவை 25 சதவீதத்திலிருந்து 51 சதவீதமாக ஏறின. ஆனாலும் ஆஸிமெர்டினிப் எட்டாதவர்களுக்கு இது மெய்யான வழி. இதைத் திறக்கத் தேவைப்படுவது ஒரே ஒரு இ.ஜி.எஃப்.ஆர். சோதனை. ஆஸிமெர்டினிப்புக்கான சுங்க வரியும் 2024 ஜூலை பட்ஜெட்டில் நீக்கப்பட்டது. பழைய விலையை வைத்து முடிவெடுக்காமல் இன்றைய விலையைக் கேளுங்கள்.

காத்திருக்கும்போது செய்யக்கூடாதது

நோயெதிர்ப்பைத் தூண்டும் இம்யூனோதெரபி பலிக்குமா என்பதைக் கணிக்க உதவும் பி.டி.எல்-1 என்ற புரதத்தின் சாயச் சோதனை இரண்டு நாளில் வந்துவிடும். அதில் 80, 90 சதவீதம் என்று இருந்தால், மரபணு முடிவுக்குக் காத்திராமல் இம்யூனோதெரபி தொடங்கிவிடும் ஆசை வரும். தொடங்காதீர்கள். இ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. நோயாளிகளிடமும் பி.டி.எல்-1 உயர்ந்து காணப்படும். ஆனால் இம்யூனோதெரபி அவர்களுக்கு அதிகம் பலிப்பதில்லை. அதைவிடக் கெடுதல், அது உடலில் மாதக்கணக்கில் தங்கும். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை 2019-ல் வெளியிட்ட ஆய்வில், இம்யூனோதெரபிக்குப் பின் ஆஸிமெர்டினிப் எடுத்த 41 பேரில் 6 பேருக்கு நுரையீரல் அழற்சி உட்படக் கடுமையான எதிர்வினை வந்தது. மூன்று மாதத்துக்குள் மாறியவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு. மாத்திரை முதலில், இம்யூனோதெரபி பிறகு என்று எடுத்த 29 பேரில் ஒருவருக்கும் வரவில்லை.

காத்திருக்க முடியாத நிலை என்றால் முதல் சுற்றுக்கு பிளாட்டினம்–பெமட்ரெக்ஸெட் கீமோவை மட்டும் கொடுத்து, இம்யூனோதெரபியை நிறுத்திவைப்பது நடைமுறையில் உள்ள வழி. முடிவு வந்ததும் மாத்திரைக்கு மாறலாம் அல்லது இரண்டாம் சுற்றில் இம்யூனோதெரபியைச் சேர்க்கலாம்.

அறிக்கை கைக்கு வந்ததும்

முதலில் புற்றுச் செல் விகிதத்தைப் பாருங்கள். அடுத்து எந்தெந்த மரபணுக்கள் உண்மையில் படிக்கப்பட்டன, எவை தோற்றன என்ற அட்டவணை. அது பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். "கண்டறியப்படவில்லை", "மதிப்பிட இயலவில்லை" இரண்டும் வேறு வேறு.

"இ.ஜி.எஃப்.ஆர். எக்ஸான் 20" என்று மட்டும் எழுதியிருந்தால் முழுப்பெயரைக் கேளுங்கள். அதே எக்ஸான் 20-ல் டி790எம் இருக்கிறது, எஸ்768ஐ இருக்கிறது, செருகல்களும் இருக்கின்றன. எஸ்768ஐ அஃபாட்டினிப் என்ற மாத்திரைக்கு இணங்கும். செருகல்களுக்குக் கெஃபிட்டினிப் வேலை செய்யாது. முக்கியத்துவம் தெரியாத மாற்றங்கள் என்ற தலைப்பின் கீழ் வரும் நீண்ட பட்டியலைக் கண்டு பயப்பட வேண்டாம், அதற்காக மருந்து தேடவும் வேண்டாம். முதல் நிலை (Tier I; நோயின் நிலை அல்ல, மாற்றத்தின் முக்கியத்துவத் தரம்) என்று குறித்திருப்பவைதான் இன்றைய சிகிச்சையை மாற்றுபவை.

மருந்து வேலை செய்யாமல் போனபின்

இங்கே மூன்று வழிகளின் தரவரிசை மாறுகிறது. கெஃபிட்டினிப், எர்லோட்டினிப் எடுத்தவர்களில் பாதிக்கும் சற்று மேற்பட்டவர்களுக்கு எதிர்ப்பு டி790எம் மாற்றத்தால் வருகிறது. அதை முதலில் ரத்தத்தில் தேடுவதே சரி. கிடைத்தால் ஆஸிமெர்டினிப், அதுவும் 10 மாதம் போல் நோயை அடக்கிவைக்கும். ரத்தத்தில் கிடைக்காவிட்டால் மறு பயாப்சி.

ஆஸிமெர்டினிப்பே தோற்றபின் ரத்தம் மட்டும் போதாது. மெட் மரபணுப் பெருக்கம் (அந்த மரபணுவின் பிரதிகள் கூடிப்போவது) ரத்தத்தில் தப்பக்கூடும். இன்னொன்று இதைவிட முக்கியம்: சிலருக்கு அடினோகார்சினோமா சிறுசெல் புற்றுநோயாகவே உருமாறிவிடும். பிளாஸ்மாவில் எவ்வளவு ஆழமாகப் படித்தாலும் செல்லின் வடிவம் தெரியாது. நுண்ணோக்கியின் கீழ் திசுவைப் பார்த்தால்தான் தெரியும். அந்த நோய்க்கான கீமோவும் வேறு. முதல் அறிக்கையில் டி.பி.53, ஆர்.பி.1 இரண்டும் கெட்டிருந்தவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். எனவே நோய் திடீரென வேகமெடுத்தால் மறு பயாப்சியைத் தள்ளிப்போட வேண்டாம்.

அந்த நேரத்தில் பழைய பிளாக்கும் தேவைப்படும், ஒப்பிட்டுப் பார்க்க. வெளி ஆய்வகத்துக்குப் போன பிளாக் சோதனை முடிந்ததும் திரும்பி வந்ததா என்று கேட்டு, பிளாக் எண்ணை அறிக்கையின் நகலோடு வீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை மாறினால் ஸ்லைடுகளோடு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டால் மெழுகு உருகும். கைப்பையில் வைத்து எடுத்துச் செல்லுங்கள்.